மூன்றாவது வரிசைப் பச்சை

சனிக்கிழமை, காலை ஐந்து மணி. ராயபுரம் ரயில் நிலையத்தில் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள் ஸ்டெல்லா. சேலத்தில் என் எதிர்வீட்டு மெர்சியின் தங்கை. சினிமாப் பாட்டுகளில் கதாநாயகிக்குப் பின்னால் ஆடும் குரூப் டான்ஸர். "மெட்ராஸ் வந்தா மெரினாவத்தான் பாக்கணுமா? எங்க ஏரியாவுக்கு வாங்கக்கா, ஷூட்டிங் காட்டறேன்" என்று அழைத்திருந்தாள். படப்பிடிப்பு என்றால் குளுகுளு ஸ்டூடியோவாக இருக்கும் என்று நம்பிப் பட்டுப்புடவையில் போயிருந்தேன். மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாக்கா, கல்யாணத்துக்கா போறோம்? எண்ணூர் மணல்ல நிக்கணும்."

எண்ணூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். தூரம் பதினைந்து கிலோமீட்டர் இருக்கலாம். பெட்டியில் மீன்கூடைக்காரர்கள், ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கி விழுபவர்கள். மற்ற டான்ஸர்கள் எல்லாரும் வடபழனியிலிருந்து கம்பெனி வேனில் வருவார்களாம். இத்தனை வருடமும் இரண்டு பஸ் மாறி வடபழனிக்கு ஓடியவளுக்கு, இன்றுதான் சினிமா தன் வீட்டுப் பக்கம் வந்திருக்கிறது. அந்தப் பெருமை அவள் முகத்தில் கொஞ்சமும் இல்லை. நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கொருக்குப்பேட்டை தாண்டியதும் விஷயத்தைச் சொன்னாள். வயது முப்பத்தாறு. முதல் வரிசையிலிருந்து இரண்டாவதுக்கும், அங்கிருந்து மூன்றாவதுக்கும் தள்ளியாகிவிட்டது. முழங்காலும் முன்போல் இல்லை. டான்ஸ் மாஸ்டரின் உதவியாளர் தனியாகப் படம் பண்ணப் போய்விட்டதால், இன்று ஒருநாள் இவளை அந்த இடத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறார் மாஸ்டர். சரியாக வந்தால் அடுத்த படத்திலும் இவளேதான். வராவிட்டால் மணலியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அண்ணன் பேசி வைத்திருக்கிறார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"பேக்கிங் வேல தப்பில்லக்கா. ஆனா அங்க போய்ட்டா நான் டான்ஸர்னு யாருக்குத் தெரியும்? இப்பவே என் பேரு எந்த மாஸ்டருக்கும் தெரியாது. எந்தக் கலரு போட்டுகினு கீறமோ அதான் பேரு. 'மூணாவது ரோ பச்ச, கையத் தூக்கு'ம்பாங்க."

"கோபம் வராதா?"

"முப்பது பேரு கீறோம். அவரு இன்னா பண்ணுவாரு பாவம்?"

எண்ணூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தோம். முகத்துவாரத்துக்கு ஆளுக்கு இருபது ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் என் பட்டுப்புடவையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஷூட்டிங்கா மேடம்? நீங்க ஹீரோவுக்கு அம்மாவா?"

ஸ்டெல்லா அன்று முதல்தடவையாகச் சிரித்தாள். என் மானம் போனாலும் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆறரை மணி. முகத்துவாரம் என்பது ஆறு கடலில் சேரும் இடம். எதிர்க்கரையில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். இடுப்பளவு தண்ணீரில் சிலர் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மணலில் பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று முப்பது பேர் மூன்று வரிசையாக நின்றார்கள். ஸ்டெல்லா மட்டும் பேண்ட்டும் கறுப்புச் சட்டையும். உதவியாளரின் வேலை, கேமராவுக்குப் பக்கத்தில் ஆடுபவர்களைப் பார்த்து நின்று, அவர்கள் தன்னைப் பார்த்து ஆடும்படி தானும் ஆடிக் காட்டுவது. ஒத்திகையில் கடைசி வரிசை மட்டும் ஒரு தாளம் பிந்திக்கொண்டே இருந்தது. மாஸ்டர் கத்தினார். ஸ்டெல்லாவும் கத்திப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"டேக் போயிடலாம். நாகரா!" என்றார் மாஸ்டர். பாட்டு ஒலிக்கும் கருவிக்கு அங்கே இன்னும் அந்தப் பழைய பெயர்தான்.

பாட்டு தொடங்கியது. ஸ்டெல்லா கேமரா பக்கத்திலிருந்து ஓடினாள். நேராகப் போய் மூன்றாவது வரிசையின் ஓரத்தில் நின்று, சிரித்த முகமாக ஆட ஆரம்பித்துவிட்டாள்! பதினாறு வருடப் பழக்கம். பாட்டைக் கேட்டதும் கால் தானாகத் தன் இடத்துக்குப் போய்விட்டது.

"கட்! யாரும்மா அது பேண்ட் போட்டுக்கிட்டு?"

கடற்கரையே சிரித்தது. மாஸ்டர் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டார். மணலியேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆனால் ஸ்டெல்லா உடனே திரும்பி வரவில்லை. அங்கேயே நின்று கேமரா பக்கம் எட்டி எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாக வந்தாள்.

"சாரி மாஸ்டர். அஞ்சே நிமிஷம் குடுங்க. அங்கேர்ந்து பாத்தா நாம நிக்கறதே தெரில. முன்னாடி கீறவங்க முதுகுதான் தெரியுது. அதப் பாத்து ஆடறாங்க, அதான் லேட்டாவுது."

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு பைபர் படகு கவிழ்ந்து கிடந்தது. படகுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி அதன்மேல் ஏறினாள்.

"லாஸ்ட் ரோ, இப்ப நான் தெரியறனா?"

"தெரியறீங்க!"

ஆடிக் காட்டினாள். எல்லாக் கைகளும் ஒன்றாக எழுந்தன, ஒன்றைத் தவிர.

"ஏய் மஞ்ச! கையத்..." என்றவள் சட்டென்று நிறுத்தினாள். முப்பது பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உன் பேரு இன்னாம்மா?"

கடைசி வரிசைப் பெண் இருபுறமும் பார்த்துவிட்டு, "ரேவதிக்கா" என்றாள்.

"ரேவதி, கை லேட்டாவுது. என்னியவே பாரு."

அடுத்த டேக் ஓகே ஆனது. புடவை முழுக்க மணலோடு நான் கைதட்டியதில் ஒலிப்பதிவாளர் முறைத்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாஸ்டர் எங்கள் பக்கம் வந்தார்.

"திங்கட்கிழமை ரிகர்சலுக்கு வந்துடு" என்று திரும்பியவர், இரண்டடி போய் நின்றார். "ஆமா, உன் பேர் என்ன?"

அவரிடம் எத்தனையோ படங்களில் ஆடியவள் அவள். எனக்குக் கோபம் வந்தது, அவளுக்கு வரவில்லை. "ஸ்டெல்லா மேரி, மாஸ்டர்" என்றாள், பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல.

மாலை ஆறரைக்குத் திரும்பும் ரயில். எங்கள் சேலத்தில் ஒரு பிள்ளைக்கு அரங்கேற்றம் என்றால், காலில் சலங்கை ஏறுமுன்பே தெருமுனை பேனரில் பெயர் ஏறிவிடும். அந்த பேனர்களைப் பார்த்துப் பார்த்து, ஆடுகிறவர்கள் என்றால் அவர்கள்தான் என்று நானும் இருந்துவிட்டேன். எதிர் இருக்கையில் ஸ்டெல்லா முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி அண்ணனுடன் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ண்ணா, மணலிக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லு. திங்கக்கெழம எனக்கு வேல கீது."

அண்ணன் ஏதோ கேட்டிருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லண்ணா, இந்தத் தபா கலர்லாம் இல்ல. பேரு சொல்லித்தான் கூப்ட்டுகீறாங்க."