லாரி வந்துகினே கீது

லாரி வாடகைக்கு விடும் ஆபீஸில் போன் எடுக்க உட்காருகிறவர் முதலில் பழக வேண்டியது, திட்டு வாங்கிக்கொண்டே டீயை ஆறுவதற்குள் குடித்து முடிப்பது. திருவொற்றியூரில் அப்படி ஓர் ஆபீஸில்தான் எனக்கு வேலை. வெளியூருக்கு வீடு மாற்றிப் போகிறவர்களுக்கு லாரி அனுப்புகிறோம். முதலாளி, நான், டிரைவர் காதர் பாய், சாமான் ஏற்றும் ஏழுமலையும் அவர் ஆட்களும். அவ்வளவுதான் எங்கள் படை. நீங்களும் ஒரு தடவையாவது வாசலில் நின்று, லாரி வரவேண்டிய திசையைப் பார்த்துப் பல்லைக் கடித்திருப்பீர்கள். அந்த நேரம் போனுக்கு இந்தப் பக்கம் நானும் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கொஞ்சம் சாமான்

"கொஞ்சம் சாமான்தாம்மா" என்று சொல்லாத வாடிக்கையாளர் இன்னும் பிறக்கவில்லை. ராயபுரத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் ஒருவரும் அதையே சொன்னார். ரிட்டயர் ஆனவர், நிதானமான குரல். வீட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ், பாத்திரம் பண்டம் என்றார். சின்ன லாரியே தாராளம் என்று அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஏழுமலை போன் போட்டார். மாடி முழுக்கத் தொட்டியில் மரமாம். ரோஜா, செம்பருத்தி என்றால் சமாளிக்கலாம். இது எலுமிச்சை, மாதுளை, காய்த்துத் தொங்கும் சப்போட்டா. பக்கத்தில் ஆள் உயரத்துக்குப் புறாக்கூண்டு, புறாக்களோடு. போனை வீட்டுக்காரரிடம் கொடுக்கச் சொல்லி, "இதையெல்லாம் நீங்க சொல்லவே இல்லையே சார்" என்றேன். அதே நிதானத்தோடு பதில் வந்தது: "வூட்டுக்குள்ள இன்னா கீதுன்னுதானேம்மா கேட்டே? இது மாடில கீது."

யானைக்கவுனிக் கட்டில்

யானைக்கவுனியில் அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து இருந்த பழைய வீடு. பெங்களூருக்குக் குடிபோகிறார்கள். சந்துக்குள் லாரி நுழையாது, தெருமுனையில் நிறுத்திவிட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். மாடியில் இருந்த தேக்குக் கட்டில்தான் பழகாதது. படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. நிமிர்த்தினார்கள், சாய்த்தார்கள், கவிழ்த்தார்கள். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்ததுதான் மிச்சம். காலைக் கழற்றலாம் என்றால் ஒரே மரத்தில் கடைந்தது, கழலாது. ஜன்னலில் கம்பி. இங்கேயே விட்டுவிடலாம் என்று தம்பி சொல்ல, அது இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது என்று அண்ணன் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

வேர்வையைத் துடைத்துக்கொண்டே ஏழுமலை கேட்டார், "சார், இத்த மேல எப்டித்தான் ஏத்துனீங்க? அந்த வழியச் சொல்லுங்க, அப்டியே எறக்கிடுறோம்." அண்ணன் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கட்டிலு மொதல்ல வந்துச்சுப்பா. மாடிப்படிய அப்பால கட்டுனோம்."

பக்கத்துலதான்

எண்ணூர் பக்கம் ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால், நடுவில் மாட்டியவன் அங்கேயே ரேஷன் கார்டு வாங்கிவிடலாம். நெட்டுக்குப்பத்திலிருந்து நாகப்பட்டினம் போகும் ஒரு குடும்பத்துக்கு லாரி எடுத்துப்போன காதர் பாய் அதில் மாட்டினார். நான் எப்போது கேட்டாலும், "பக்கத்துல வந்துட்டேன் தங்கச்சி" என்பார். அதை அப்படியே வாடிக்கையாளருக்குச் சொல்வேன். காலையில் அவர் என்னை மேடம் என்றார். மத்தியானம் அக்கா என்றார். அதற்குப் பிறகு சொன்னதை எழுதுவதற்கில்லை.

கடைசியில் போன் வருவதே நின்றுவிட்டது. எனக்குப் பயமாகிவிட்டது. வேறு லாரி பிடித்துப் போய்விட்டார் என்றே நினைத்தேன். நானே கூப்பிட்டேன். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். பீரோவையும் பெஞ்சாதியையும் மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, கன்டெய்னர்களுக்கு இடையில் வளைந்து வளைந்து அவர் வந்துகொண்டிருந்தார். "யக்கா, உன் லாரி வூட்டுக்கு வராது. வூடு லாரிக்கு வந்துகினு கீது, உன் டிரைவராண்ட சொல்லிடு."

வாசனை

எம்.கே.பி. நகரில் இருந்த ஒரு டீச்சரம்மாவுக்குத் தர்மபுரிக்கு மாற்றல். சாமான் ஏற்றிய பிறகும் லாரியில் இடம் இருந்தது. காலியாக ஓட்ட மனசு வராத எங்கள் முதலாளி, காசிமேட்டிலிருந்து தர்மபுரிச் சந்தைக்குப் போகவேண்டிய கருவாட்டு மூட்டைகளை அதில் ஏற்றச் சொல்லிவிட்டார். வழியெல்லாம் வெயில். மெத்தை, தலையணை, பட்டுப்புடவை வைத்த பெட்டி என்று கருவாட்டு வாசனை ஏறாதது ஒன்று பாக்கியில்லை.

மறுநாள் டீச்சரம்மாவின் நம்பரைப் பார்த்ததும் போனைக் காதிலிருந்து தள்ளியே பிடித்தேன். அவர் கத்தவில்லை. அதுதான் இன்னும் கலவரமாக இருந்தது. "புது ஊர்ல யாரும் பேச மாட்டாங்கன்னு பயந்துகிட்டே வந்தேம்மா. காலையிலேர்ந்து தெருவே வாசல்ல நிக்குது, வஞ்சிரம் இருக்கா நெத்திலி இருக்கான்னு."

ஒரே விலாசம்

தண்டையார்பேட்டையில் ஒரே வீட்டிலிருந்து, ஒரே காலைக்கு இரண்டு லாரி கேட்டார்கள். அந்த அம்மா விழுப்புரத்துக்கு, அக்கா வீட்டுக்கு. அவர் புருஷன் திருச்சிக்கு, புது வேலைக்கு. இரண்டும் ஒரே ரோடுதானே, தெரியாமல் இரண்டு தடவை புக் செய்துவிட்டார்கள் என்று முதலாளியே முடிவுகட்டி ஒன்றை ரத்து செய்துவிட்டார். காதர் பாய் போய் நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர்கள் பிரிந்து போகிறார்கள். வேறு லாரி அன்றைக்குக் கிடைக்கவில்லை. புதுக் குடித்தனக்காரர்கள் சாமானோடு கேட்டில் நிற்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே லாரியில் ஏற்றினார்கள். மிக்ஸி யாருடையது என்று ஏழுமலை கேட்டதற்கு, என்னுடையது என்று இரண்டு பேரும் சொன்னார்கள். கல்யாண ஆல்பத்துக்கு ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள்.

கேபினில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்காரவேண்டும். வழிநெடுக காதர் பாய்தான் தபால்காரர். "கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க பாய்." "எடம் இல்லைன்னு சொல்லுங்க பாய்." விழுப்புரம் வந்தால், புருஷனின் சாமானெல்லாம் லாரிக் கதவோரம், அந்த அம்மாவுடையது உள்ளே. அவருடையதை இறக்கினால்தான் இதை எடுக்க முடியும். இறக்கிக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டியது. மொத்தமும் அக்கா வீட்டு ஹாலுக்குள் போயிற்று. திரும்ப ஏற்றலாமா என்று மழை விட்டதும் பாய் கேட்டாராம். புருஷன் பெண்டாட்டியைப் பார்த்திருக்கிறார். "சாப்ட்டு முடிவு பண்ணச் சொல்லுங்க பாய்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உள்ளே போயிருக்கிறார். காலி லாரியோடு பாய் திரும்பினார்.

சில மாதம் கழித்து அந்த அம்மாவே கூப்பிட்டார். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு லாரி வேண்டுமாம். யார் யார் போகிறீர்கள் என்று கேட்க எனக்கு நாக்கு வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவரே சொன்னார்: "ஒரே லாரிதான் வேணும். நடுவுல சண்டை வந்து நாங்க தனித்தனியா போன் பண்ணாலும், நீங்க ஒண்ணுதான் அனுப்பணும்."

சொன்ன நேரத்துக்கு, சொன்ன லாரியை, சொன்ன இடத்துக்கே அனுப்பிய நாட்களும் எங்களுக்கு உண்டு, ஆனால் அந்த வாடிக்கையாளர்களில் ஒருவர் பெயர்கூட எனக்கு ஞாபகம் இல்லை.