உஷாந்தி அக்காவும் கனடாக் கிரஜுவேட்டும்

பள்ளிக்கூடம் முடித்தவர்களை இங்கிலிஷில் தரம் பிரிக்கத் தெரிந்தவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் கலியாண பயோடேட்டா டைப் பண்ணும் உஷாந்தி அக்கா. அகராதி எழுதுகிறவர்களுக்குச் சந்தேகம் வந்தால் அவர் கடைப் படியில் வந்து வரிசையில் நிற்கலாம்.

"கடைசி வகுப்பில ஏஎல் சோதனை எழுதிப்போட்டு வீட்டில இருக்கிறவர் ஸ்கூல் லீவர். பழைய மாணவர் சங்கத்துக்குச் சந்தா கட்டினா ஓல்ட் போய். கிரஜுவேட் எண்டா கம்பஸில பட்டம் முடிச்சிருக்க வேணும்" என்பார். இப்படி எத்தனையோ மாப்பிள்ளைகளின் பட்டத்தைப் பறித்திருக்கிறார்.

பதினொராம் வகுப்பு ஓஎல் சோதனைகூட எழுதாமல் நின்று, அதே கடையில் எடுபிடி வேலைக்கு வந்தவன் நான். "அப்ப நான் ஆர் அக்கா?" என்று கேட்டேன்.

"உனக்கு இன்னும் சொல்லுக் கண்டுபிடிக்கேல்ல. அந்தப் பேப்பர்க் கட்டைத் தூக்கு."

போன மாதம் அவருக்கே டொரொன்டோவிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சாரங்கன், கறுப்பு அங்கியும் தொப்பியுமாகப் படத்தில் நின்றார். அங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாலே அந்த உடுப்புத்தான், கிரஜுவேட் என்ற பெயரும்தான். இப்போது பஸ் ஓட்டுகிறார். அதை அவரே அக்காவிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் அக்கா போனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்.

அக்காவின் அப்பா தில்லைநாதன் அங்கிளுக்கோ கம்பஸ் மருமகன்தான் வேண்டும். படத்தில் அங்கியைக் கண்டதும் கம்பஸ் பட்டம் என்று நம்பித் தலையாட்டிவிட்டார். ஊரையெல்லாம் திருத்துகிற அக்கா அவரை மட்டும் திருத்தவில்லை. ஒரு கிழமை அதைச் சொல்லிச் சொல்லியே அக்காவை நக்கலடித்தேன்.

சனிக்கிழமை அக்கா டோனர் வாங்கப் போயிருந்தபோது அங்கிள் கடைக்கு வந்தார்.

"தம்பி, உந்தக் கனடாப் பெடியன் கம்பஸ் முடிச்சவர்தானே?"

நான் ஒரு சொல் பிசகினால் அக்காவின் கலியாணம் போய்விடும்.

"ஓம் அங்கிள். பெரிய கம்பஸ். லைப்ரரி மட்டும் ஏழு மாடி."

"ஏழு மாடியோ?"

"லிஃப்டும் இருக்கு."

அவர் படியிறங்கிப் போய்விட்டார். அக்கா வந்ததும் நான் செய்த உதவியைச் சொல்லி மீன் வைத்த ஒரு மாலு பாணுக்குக் காத்திருந்தேன். அவர் டோனரை மேசையில் வைத்தார்.

"விடியவே அப்பாவிட்ட எல்லாம் சொல்லிட்டன். பஸ் ஓடுறதையும்தான். ரெண்டு மணித்தியாலம் மூஞ்சியை நீட்டிக்கொண்டிருந்திட்டு, பெடியன் பொய் சொல்லேல்லத்தானே, செய்வம் எண்டிட்டார்."

"பிறகேன் என்னட்டக் கேட்டவர்?"

"கலியாணத்துக்கு ஓடியாடித் திரிய ஒரு நம்பிக்கையான பெடியன் வேணுமாம். நான்தான் உன்ர பேரைச் சொன்னனான்." கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "லிஃப்டும் இருக்கோ?"