கேஜ் வராத மலை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கோலார் தங்கச் சுரங்கத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தேன். அது மூடியதும் ராபர்ட்சன்பேட்டையில் தள்ளுவண்டியில் பூட்டும் ஆணியும் விற்றேன். அதே தெருவில் மாடியோடு கடை கட்டினேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

மனைவி போன பிறகு, ஸ்கெலட்டன் என்று நாங்கள் சொல்லும் பழைய சுரங்கக் குடியிருப்பு வீட்டில் தனியாக இருக்கிறேன். பெங்களூரில் இருக்கும் மகனும் மருமகளும் என்னை அங்கே அழைத்துப் போகத் துடித்தார்கள். போன ஏப்ரலில் மருமகள் நேராகவே கேட்டாள்.

"தனியா இருந்து வழுக்கி வுழுந்தா யாரு மாமா தூக்குவாங்க?"

"இந்தக் கால் வழுக்குமா? கோலார் மலைய ஏறி எறங்கிக் காட்டட்டா?"

"யார் ஒத்தாசையும் இல்லாம செஞ்சிட்டா அப்புறம் நான் வாயே தொறக்கல. முடியலன்னா பெட்டி கட்டணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினோம். மகன் அடிவாரத்தில் காரோடு நின்றுகொண்டான். நானும் அவளும் ஏறினோம். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர்.

முதலில் படிகள், பிறகு பாறைகள். ஒவ்வொரு பெரிய கல்லையும் தடியால் தட்டி, சத்தம் கேட்டுத்தான் கால் வைத்தேன். கணீரென்றால் கெட்டி, பொத்தென்றால் ஆடும். சுரங்கத்தில் தலைக்கு மேலே இருந்த பாறையை இரும்புக் கம்பியால் தட்டித் தட்டிப் பழகிய காது இது. முன்னால் போன இரண்டு காலேஜ் பையன்கள் உட்கார்ந்து மூச்சு வாங்க, அவர்களைத் தாண்டிப் போனேன். உச்சிக்கும் முதலில் போனவன் நான்தான். காற்று வீசியது. பாட்டிலைத் திறந்து கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

"இன்னா மாமா, எல்லாத்தயும் குடிச்சிட்டீங்க?"

அப்போதுதான் உறைத்தது. சுரங்கத்தில் இறங்குவதுதான் வேலைக்குப் போவது. ஏறுவது வீட்டுக்கு வருவது. ஷிப்ட் முடிந்து, மேலே கொண்டுபோகும் கேஜ் என்ற இரும்புக் கூண்டுக்காக நிற்கும்போது மிச்சத் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிடுவோம். ஏறியாகிவிட்டது, வேலை முடிந்தது என்று என் உடம்பு நினைத்துவிட்டது.

"கீழ போறதுக்கு இங்க கேஜ் வராது மாமா" என்று சிரித்தாள்.

இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. காய்ந்த புல் வழுக்கியது. சரிவில் கேழ்வரகைக் கொட்டி வைத்ததுபோல் பொடிக்கல். வழியில் இருந்த சுனையில் வெடித்த சேறுதான் மிச்சம். பாதி வழியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தேன். அவள் தன் பாட்டிலை நீட்டினாள்.

"வேணாம்மா. அது ஒத்தாசை."

"நீங்க வுழுந்தா உங்க புள்ளைக்கு நான் இன்னா பதில் சொல்றது? குடிங்க."

குடித்தேன். இரண்டே வாய். ஆனால் பொடிக்கல் சரிவில் அவள் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. சுரங்கத்தின் சரிவுகளில் இறங்குவதுபோல் உட்கார்ந்துகொண்டு, குதிகாலை ஊன்றி ஊன்றி அங்குலம் அங்குலமாக நகர்ந்தேன். கல் சுட்டது. பேன்ட் பின்பக்கம் கிழிந்தது. விடவில்லை. அடிவாரத்தில் எழுந்து நின்று, கார் வரை நடந்தேன்.

"இன்னாப்பா இது கோலம்?" என்றான் மகன்.

"ஏறுனாரு, எறங்குனாரு. அவ்ளோதான்" என்றாள் மருமகள். தண்ணீர் கதையை எடுக்கவில்லை.

அவள் பெருந்தன்மையில் ஜெயிக்க எனக்கு இஷ்டமில்லை. "ரெண்டு வாய் இவ தண்ணி குடிச்சேன்டா" என்று நானே சொன்னேன்.

"அப்போ பெட்டி கட்டுவீங்களா மாமா?"

"ஜெயிக்கல, ஒத்துக்கறேன். தோத்தும் போகல. அடுத்த ஏப்ரல்ல திரும்ப ஏறுவேன். ரெண்டு பாட்டில். ஒண்ண உச்சியில தொறக்கவே மாட்டேன். அதுவரைக்கும் என் வூட்ட வுட்டு அசையமாட்டேன்."

அவள் என் மகனைப் பார்த்தாள். பிறகு காரின் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்க, ஸ்கெலட்டன்ல எறக்கி வுடறோம். அந்தப் பேன்ட்ட மட்டும் மாத்திடுங்க."

இதை அந்த வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இரண்டாவது பாட்டில் வாங்கிவிட்டேன்.