ஐந்து பேருக்கு ஒரே டிக்கெட்

வட சென்னையில் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வளர்ந்த மாயா, 2003ஆம் ஆண்டு உதவித்தொகை கிடைத்து ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போனாள். காற்று மாசைப் பற்றிய படிப்பு. பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் வேலை பார்த்த அவள் அப்பா ஜெயவேலுக்கு அந்தப் படிப்பின் பெயர் கடைசிவரை வாயில் நுழையவில்லை. யார் கேட்டாலும், "பொகைய பத்தி படிக்கிது" என்று சொல்லிவைத்தார்.

அம்மா கெங்கம்மாவுக்குப் படிப்பைவிடச் சுற்றுவதுதான் முக்கியம். வாராவாரம் போன் வந்ததும் முதல் கேள்வியே அதுதான். "இந்த வாரம் எங்க சுத்தின? ஐஃபில் டவர் பாத்தியா? எதிர்வூட்டு அத்த தெனம் கேட்டுகினே கீது."

மாயா சுற்றத்தான் செய்தாள். ஆனால் சுற்றியதை எப்படிச் சொல்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. வார இறுதியில் ஐந்து பேர் சேர்ந்து போகிற மாதிரி ஒரு மலிவு டிக்கெட் இருந்தது. ஊருக்கு ஊர் நின்று போகிற பாசஞ்சர் வண்டியில் மட்டும்தான் அது செல்லும். புனேக்காரப் பையன்கள் இருவர், ஆம்பூரிலிருந்து வந்த சபீஹா, மாயா, ரெஜி என்று ஒரு கூட்டம் சேர்ந்தது. டிக்கெட் எப்போதும் ரெஜியின் பர்ஸில் இருக்கும். அதனால் அவன் போகிற இடம்தான் மற்ற நால்வரும் போகிற இடம்.

ரெஜியின் சொந்த ஊர் தெற்கே நாசரேத். அப்பாவுக்கு ராயபுரத்தில் மளிகை மொத்தக் கடை. அதைக் கேட்ட அன்று மாயாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ராயபுரமா? நாங்க பக்கத்துல வியாசர்பாடிப்பா!" என்று சாப்பாட்டுக் கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டாள். ரெஜி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான். "இங்க யாராவது கேட்டா சென்னைன்னு மட்டும் சொல்லு மாயா. போதும்."

அது முள்ளாக உள்ளே தைத்தது. ஆனாலும் தனியாகப் போக வழியில்லாமல் அவள் அந்தக் கூட்டத்தோடேயே போனாள். பாதி நாள் ரயிலில் உட்கார்ந்திருப்பார்கள். போய் இறங்கினால் கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்கள். வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, அடுத்த வண்டியைப் பிடிக்க ஓடிவருவார்கள். காய்ந்த ரொட்டியைக் கடித்தபடி ஜன்னல் வழியே பார்த்த வயல்வெளிதான் அவள் பார்த்த ஐரோப்பா.

ஒரு வாரம் மட்டும் அவள் விருப்பப்படி போவதாகப் பேச்சு. ரைன் ஆற்றில் படகில் போகவேண்டும் என்று கேட்டிருந்தாள். ரயிலில் ஏறிய பிறகு ரெஜி மனம் மாறினான். "பக்கத்து ஊர்ல நல்ல தள்ளுபடி விலையில ஷூ கிடைக்குதாம். ஆறு எங்க போயிடப் போகுது?" புனேக்காரர்களும் தலையாட்டினார்கள். பகல் முழுக்க ஷூ கடைகளில் கழிந்தது.

திரும்பும்போது ஸ்டேஷனில் ஒரே நெரிசல். மாயாவும் சபீஹாவும் முந்திக்கொண்டு ஏறிவிட்டார்கள். ரெஜியும் புனேக்காரர்களும் ஷூ பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் கதவு மூடிக்கொண்டது. டிக்கெட் ரெஜியிடம். பரிசோதகர் வந்தார். அரைகுறை ஜெர்மனில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள் மாயா. அவர் திட்டவில்லை, சத்தம் போடவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இருவரையும் இறக்கிவிட்டார். கூரை இல்லாத நடைமேடை. மழை வேறு. சபீஹா அழவே தொடங்கிவிட்டாள்.

பின்னால் வந்த வண்டியிலிருந்து, நடைமேடையில் இவர்களைப் பார்த்துவிட்டு ரெஜி இறங்கினான். இறங்கியதும் முதல் வார்த்தை: "உங்களை யாரு முன்னாடி ஏறச் சொன்னது?"

மாயாவுக்குள் அத்தனை மாதமாக அடக்கிவைத்திருந்தது பொத்துக்கொண்டு வந்தது. "டேய், இன்னாடா நெனச்சிகினு கீற? உன் ஷூவுக்கோசரம் நாங்க மழைல நின்னுகினு கீறோம், நீ எங்களயே கேக்குறியா?"

"மாயா, பேச்சைக் கொஞ்சம் பார்த்துப் பேசு. எல்லாரும் பார்க்கிறாங்க."

"இங்க எவனுக்குடா தமிழ் தெரியும்? ஒனக்குதான் மானம் போவுது!"

அன்றோடு மாயா அந்தக் கூட்டத்துடன் போவதை நிறுத்திக்கொண்டாள்.

அதன்பின் ஒரு சனிக்கிழமை தனியாகக் கிளம்பினாள். மூடிப்போன இரும்பு ஆலை ஒன்றைப் பூங்காவாக மாற்றியிருக்கிறார்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். துருப்பிடித்த உலையின் இரும்புப் படிகளில் ஏறி உச்சிக்குப் போனாள். கீழே தண்டவாளங்களுக்கு நடுவே மரங்கள் வளர்ந்திருந்தன. குழந்தைகள் சுவரில் கயிறு கட்டி ஏறினார்கள். குடும்பம் குடும்பமாகப் புல்லில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூச்சை இழுத்துப் பார்த்தாள். எந்த வாடையும் இல்லை. இதமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்குப் பக்கத்து மணலி ஆலைகளின் புகை நினைவுக்கு வர, எரிச்சல்தான் வந்தது.

சுற்றிக்காட்ட வந்தவரிடம் கேட்டாள். "இதை மூடின பிறகு இரும்பு எங்கிருந்து வருது?"

"வேற நாடுகளிலிருந்து" என்றார் அவர், மிக இயல்பாக.

மறுநாள் போனில் கெங்கம்மா கேட்டாள். "இந்த வாரம் இன்னா பாத்த?"

"மணலி தாம்மா பாத்தேன். பொகை இல்லாத மணலி."

ஜெயவேல் போனை வாங்கினார். "அத பாக்கவா அம்மாந்தூரம் போன? சொல்லியிருந்தா அம்பத்தாறாம் நம்பர் பஸ்ல ஏத்தி வுட்டுருப்பேனே."

மாயா சிரிக்க முயன்றாள்.

2005இல் படிப்பு முடிந்து ஊர் திரும்பினாள். எதிர்வீட்டு அத்தை ஆசையோடு ஆல்பத்தைப் புரட்டினாள். துருவேறிய குழாய்கள், உலை, தண்டவாளம். "இன்னாடி இது, நம்ம யார்டு மாறியே கீது? இதுக்கா பிளேன்ல போன?" மாயா விளக்க ஆரம்பித்தாள். அத்தை அதற்குள் சாக்லேட் டப்பாவைத் தேடிப் போய்விட்டாள்.

ஆலைகளுக்காகக் காற்றை அளந்து தரும் ஒரு சிறிய தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. மணலி புதுநகர் மொட்டை மாடிகளில் கருவியை வைத்துக் காற்றைச் சேகரிக்கவேண்டும். நாற்றம் தாங்கவில்லை என்று ஜனங்கள் அதிகம் புலம்புவது விடுமுறை நாட்களில்தான் என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவளே போனாள். திங்கட்கிழமை முதலாளி பக்தவச்சலம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்வார். "ஏம்மா, லீவு நாள் கணக்கு எதுக்கு? வாரத்துல நாத்தம் இல்லாத நல்ல நாளா பாத்து எடுத்தா போதாதா?"

"அவங்க ஞாயித்துக்கெழமையும் மூச்சு வுட்றாங்க சார்."

சில வாரம் அவளுடைய ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு அறிக்கையில் நின்றது, பல வாரம் நிற்கவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் யோசிப்பாள். ஒருமுறை மாடி வீட்டு அம்மாள் துணியைக் காயப்போட்டபடியே கேட்டாள்: "இந்த நாத்தம் எப்போ போவும் கண்ணு? நீ வெளிநாட்ல படிச்ச பொண்ணாமே."

"தெரிலக்கா" என்றாள் மாயா. பிறகு அந்த அம்மாளோடு சேர்ந்து ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.