கைப்பம்பை அடித்தது யார்?

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள், பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். லாரி ஓட்டுகிறவன் அதையெல்லாம் நம்பினால் ஒரு புளியமரத்தைத் தாண்ட முடியுமா?

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் கடலூர் முதுநகரில் குடியிருந்தோம். சொந்தமாக ஒரு பழைய லாரி, பண்ருட்டியிலிருந்து பலாப்பழம், முந்திரி என்று லோடு அடிப்பேன். ஒர்க் ஷாப்புக்கு விடமாட்டேன், ரிப்பேரெல்லாம் நானும் என் மனைவியின் தம்பி சேகரும்தான். டீசல் ஃபில்டரை மாற்றினால் குழாயில் காற்று புகுந்துகொள்ளும், அதை வெளியேற்றாமல் வண்டி ஓடாது. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தர் கீழே சக்கரத்தின் பக்கம் குந்தி, டீசலைத் தள்ளுகிற கைப்பம்பை அடிக்க, இன்னொருத்தர் மேலே நின்று காற்று போகிற ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி அடங்கியதும் முறுக்க வேண்டும். மேலே நான், கீழே சேகர். "அடி மச்சான்" என்றால் அடிப்பான், "போதும்" என்று நான் சொல்கிறவரை நிறுத்தமாட்டான். இரண்டு குட்டை அடி, ஒரு நீள அடி, அது அவன் கைப்பழக்கம்.

அன்றைக்கு பந்த். சேகரும் என் மனைவியும் ஒரு விசேஷத்துக்காக முதல் நாளே சிதம்பரம் போயிருந்தார்கள். வண்டி சும்மாதானே நிற்கிறது என்று நான் ஒருவனாகவே ஃபில்டரை மாற்றினேன், பம்பு அடிக்க ஆள் இல்லாததால் புது ஃபில்டரில் டீசலை ஊற்றி நிரப்பியே மாட்டினேன். ஸ்டார்ட் செய்து பார்த்தேன், ஓடியது. பெரிய மெக்கானிக் என்று ஒரு கொழுப்பு. கை கழுவுவதற்குள் போன் வந்தது, மனைவி அழுகிறாள்.

"என்னாங்க, தம்பி பைக்கோட வுழுந்துட்டான். ரத்தம் நிக்கல. ஒங்க ரத்தந்தான் சேரும், சீக்கிரம் வாங்க."

பஸ் கிடையாது, லாரியையே எடுத்தேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் இழுக்கத் திணறி, ஒரு உதறு உதறி நின்றுவிட்டது. செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. டாங்கில் டீசல் இருக்கிறது. ஸ்க்ரூவைத் தளர்த்தினால் வெறும் நுரை. ஃபில்டர் மாட்டும்போது பழைய வாஷரையே திரும்பப் போட்டிருந்தேன், அது வழியாகக் காற்றை இழுத்திருக்கிறது. பெட்டியிலிருந்த புது வாஷரைப் போட்டேன். ஆனால் கீழே குந்தி அடித்துவிட்டு மேலே ஏறி முறுக்குவதற்குள் மறுபடி நுரை. ஏறுகிறேன், இறங்குகிறேன், ஏறுகிறேன், ரோட்டில் ஒரு ஈ காக்கா இல்லை, பாட்டரியும் இறங்கிக்கொண்டே வருகிறது. அங்கே பையன் போய்ச் சேர்ந்துவிடுவானே என்று நினைத்ததும் வாய்விட்டு அழுதுவிட்டேன். ஸ்க்ரூவைத் தளர்த்திக்கொண்டே, பழக்கதோஷம், "அடி மச்சான்" என்றேன்.

பம்பு அடித்தது.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். உச்சி வெயில், நான் குடிக்கிறவனும் இல்லை. இரண்டு குட்டை, ஒரு நீளம். நுரை அடங்கிச் சுத்தமான டீசல் வழிந்தது. இன்ஜின் இடுக்கு வழியாகக் கீழே பார்த்தேன். பம்பின் பிடி ஏறி இறங்குகிறது, பிடித்திருக்கிற கை இல்லை. ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு கேபினுக்குள் பாய்ந்தேன், ஒரே செல்ஃபில் பிடித்துக்கொண்டது. சிதம்பரம் வரும்வரை கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை.

சேகருக்கு உயிர் இருந்தது, நினைவு இல்லை. வலது கையைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். கட்டுக்குள்ளேயே அது ஏறி ஏறி இறங்கியது. இரண்டு குட்டை, ஒரு நீளம்.

"செத்த முன்னாடி திடீர்னு ஆரம்பிச்சிதுங்க. நர்சம்மா கட்டிப் போட்டும் நிக்கல. கை ஆட ஆட ரத்தம் ஜாஸ்தியா போவுதுங்கறாங்க" என்றாள் மனைவி.

ரோட்டில் பயந்துபோய் வண்டியை எடுத்தேனே, நிறுத்தச் சொன்னேனா? குனிந்து அவன் காதில், "போதும் மச்சான்" என்றேன்.

கை அப்படியே படுத்துவிட்டது.

ரத்தம் கொடுத்தேன், பிழைத்துக்கொண்டான், கடவுள் புண்ணியம். அந்தக் கை மட்டும் அதற்கப்புறம் எழவே இல்லை. டாக்டரிடம் கேட்டேன். விழுந்தபோதே தோளில் நரம்பு அறுந்துவிட்டது, அதற்குப் பிறகு அந்தக் கை அசைந்திருக்க வழியே இல்லை என்றார். "ஆடுனத நர்சம்மாவே பாத்தாங்க சார்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

இன்றுவரை சேகரிடம் இதை நான் சொல்லவில்லை. இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு எந்தக் கல்யாணத்திலும் பந்தியில் உட்காரமாட்டான், பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வரும். சொன்னால் விடமாட்டான். "இன்னொரு தடவ 'அடி'ன்னு சொல்லு மாமா, பாப்போம்" என்பான். சொல்லி, அந்தக் கை எழவில்லை என்றால் பரவாயில்லை. எழுந்துவிட்டால், இத்தனை வருஷம் அதைப் படுக்க வைத்திருந்தது நான்தான் என்று ஆகிவிடுமே.