அம்மாவுக்குத் தேவதாருச் சிலுவை

எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைவு. சமாதி கட்ட அனுமதி இல்லை. மரச்சிலுவை நிற்கும்வரை அந்தக் குழியைத் தோண்டமாட்டார்கள். அது உளுத்து விழுந்துவிட்டால் அடுத்தவருக்கு வெட்டிவிடுவார்கள். அதனால் அம்மா இறந்தபோது நான் மரத்தைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன்.

அம்மா காட்டில் களையெடுக்கும் கூலி வேலைக்குப் போனவள். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ரேஷன் கார்டைத் தவிர அவள் பெயர் எழுதிய பொருள் எதுவும் எங்களிடம் இல்லை. அந்தப் பெயர் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும் என்று நினைத்தேன்.

"சவுக்குக் கட்டை போதாதா அம்மணி? எல்லாரும் அதைத்தான வெக்கறாங்க," என்றார் அப்பா.

"எல்லாரும் வெக்கறது ரெண்டு மழைக்குத் தாங்கறதில்லீங்கப்பா."

சிங்காநல்லூர் மரக்கடையில் தேவதாரு கிடைத்தது. கையில் எடுத்தால் கனமே இல்லை. நகத்தால் அழுத்தினால் தடம் பதிந்தது. ஆனால் மரத்துக்குள்ளேயே எண்ணெய் உண்டு, கரையான் அண்டாது, வெயிலில் நிறம் மட்டும் சாம்பலாகும் என்று படித்திருந்தேன். வெளுத்த வெளிப்பகுதி வேண்டாம், உள்ளே முதிர்ந்த வைரப்பகுதியில் அறுத்துக் கொடுங்கள் என்றேன்.

"சிமென்ட்டுல நட்டுப்போடாதீங்க," என்றார் கடைக்காரர். "தண்ணி நின்னு அடி அழுகிரும். ஜல்லி போட்டு நடுங்க."

அப்படியே நட்டோம். பெயரை நானே உளியால் செதுக்கினேன். கல்லறைத் திருநாள்தோறும் எண்ணெய் பூசினேன். பக்கத்துச் சிலுவைகள் சாய்ந்தபோது, "எம்புள்ள வெச்சது நிக்குது பாருங்க," என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார்.

போன திருநாளுக்குச் செவ்வந்தியும் மெழுகுவர்த்தியுமாகப் போனோம். அம்மாவின் இடத்தில் புதுமண் குவிந்திருந்தது. அதன்மேல் யாரோ போட்ட மாலை.

குழி வெட்டுபவர் காம்பவுண்டுச் சுவரைக் காட்டினார். அங்கே எங்கள் சிலுவை சாய்ந்திருந்தது.

"புல்லு வெட்டுற மிசினுக்கு வழியில்லீன்னு புடுங்கி வெச்சுட்டாங்களாமுங்க. சிமென்ட்டுல நட்டதை யாரு அசைக்கறது? இது இழுத்ததும் கையோட வந்துருச்சாமா. எந்தக் குழியோடதுன்னு எனக்குத் தெரியலீங்க. மொட்டையாக் கெடந்துச்சு, வெட்டிப்போட்டேன்."

"எங்கம்மா?"

"எலும்பை அடியிலயே போட்டு மூடிட்டனுங்க."

அப்பா மெழுகுவர்த்தியைப் பையிலிருந்து எடுத்தார். எங்கே வைப்பது என்பதுபோல என்னைப் பார்த்தார்.

சிலுவையை வீட்டுக்குத் தூக்கிவந்தேன். நட வேறு இடமில்லை. கொல்லைச் சுவரில் சாய்ந்து மழையில் நனைகிறது. அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறேன். ஒரு துளைகூட இல்லை.