சுமைதாங்கியில் இருந்த பெயர்

நாட்டரசன்கோட்டையிலிருந்து கல்லலுக்கு வரும் வண்டிப்பாதையில், கண்மாய்க்கரை திரும்பும் இடத்தில் ஒரு சுமைதாங்கி நிற்கிறது. ஊன்றிய இரண்டு கல், மேலே கிடத்திய ஒரு கல். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் கை உதவியும் இல்லாமல் அதில் இறக்கி வைத்து, திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகத்தான் எங்கள் பக்கத்தில் இதை நடுவார்கள்.

அக்காவோடு அவ்வழியே நடந்தபோது நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். நாட்டரசன்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட அவளுக்கு அது ஐந்தாம் மாதம். முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில்தான் கலைந்தது. பஸ் குலுக்கியதே காரணம் என்று நம்பினாள். இந்த முறை கல்லலில் இருக்கும் தாய்வீட்டுக்கு நடந்துதான் வருவேன் என்று சொல்லிவிட்டாள். துணைக்கு என்னை அனுப்பினார்கள்.

விடியலில் கிளம்பினோம். அவள் துணிப்பெட்டி என் தலையில். படிக்கிற பெண் தலையில் பெட்டியா என்று எனக்குக் கூச்சம். ஊர் தென்படும்போதெல்லாம் இடுப்புக்கு மாற்றிக்கொள்வேன்.

"இடுப்புக்கு மாத்துனா கலெக்டராயிருவியாக்கும்" என்று அக்கா சிரித்தாள். ஆனால் எதிரே வந்தவர்கள் "எங்குட்டுப் போறீக?" என்று கேட்டால் ஊரைச் சொல்வதற்கு முன்பே, "இது எந் தங்கச்சி, பத்தாப்புப் படிக்குது" என்பாள். தச்சுவேலை செய்யும் எங்கள் வீட்டில் உளி பிடிக்காத கை யாருக்கும் இல்லை. பேனா பிடித்த கை எனக்கு மட்டும்தான். நான் தொட்டிலில் கிடந்ததால்தான் அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை.

கருவேல நிழல் கண்ட இடங்களில் நின்று வயிற்றில் கை வைத்துப் பார்ப்பாள். "இருக்கு" என்பாள், தனக்குத்தானே. பிறகு நடப்பாள்.

வெயில் ஏறியபோது கண்மாய்க்கரை வந்தது. பெட்டியைச் சுமைதாங்கியில் இறக்கினேன். கல்லில் எழுத்து இருந்தது.

"என்னடி போட்டுருக்கு?"

பிள்ளைப்பேற்றில் இறந்த வள்ளியாயி ஞாபகார்த்தம் என்று இருந்தது. அக்காவின் கை வயிற்றின் மேல் இருந்தது.

"சுமையை இங்கே இறக்கவும்னு போட்டுருக்குக்கா."

"இந்தப் பொய்யச் சொல்லத்தான் உன்னயப் படிக்க வச்சாகளா? கல்லு எதுக்கு நடுறாகன்னு எனக்குத் தெரியாதா. பேரச் சொல்லு."

சொன்னேன். அக்கா எழுத்தின் மேல் விரலை ஓட்டினாள்.

"எம்புட்டுப் பேரு சுமைய இறக்கிட்டுப் போயிருக்காக. ஒருத்தராச்சும் இவ பேரச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாகளா?"

அங்கிருந்து கல்லல் வரும்வரை அவள் நின்று வயிற்றைத் தொட்டுப் பார்க்கவே இல்லை.

மாதம் நிறைந்து, பிள்ளை பிறந்தது. பெண். கல்லில் இருந்த பெயரையே வைக்கவேண்டும் என்று அக்கா சொன்னதும் அம்மா பதறினாள். "செத்தவ பேரயா வைப்பாக?" அக்கா அசையவில்லை. "வாழாமப் போனவ பேரும்மா. இனிமே வாழட்டும்."

போன மாதம் அக்காவும் அவள் மகளும் நானும் அதே பாதையில் நடந்தோம். பாதையோரம் ரோடு வந்துவிட்டது. சுமைக்காரர்கள் பஸ்ஸில் போகிறார்கள். கல் தனியாக நின்றது. தோளில் பையோடு வந்த ஒன்றாம் வகுப்புக்காரி எழுத்துக் கூட்டி, வ... ள்... ளி என்று படித்து, நிமிர்ந்து பார்த்தாள்.

"சித்தி, எம் பேர எதுக்கு இங்க எழுதியிருக்காக?"

அக்காதான் பேசினாள்.

"மொதல்ல பைய இறக்கி வையி. சொல்றேன்."

குழந்தை எக்கினாள். கல் எட்டவில்லை. அக்கா அவளைப் பையோடு தூக்கி, அதன் மேலேயே உட்காரவைத்தாள்.